பாய்லர் ஹவுஸிலிருந்து ஒரு தூளிக் கயிறு

பாய்லர் ஹவுஸை இடிக்க வந்தவர்கள் பத்தொன்பது பேர். அவர்களிடம் இருந்த முகமூடிகள் நான்கு. ஒன்று மேஸ்திரியின் மோட்டார் சைக்கிள் கண்ணாடியில் தொங்கியது. இன்னொன்றில் யாரோ பச்சை மிளகாயும் உப்பும் முடிந்து வைத்திருந்தார்கள். மீதி இரண்டும் போட்டோ எடுக்கும்போது மட்டும் முகத்துக்கு ஏறி, எடுத்தவுடன் கழுத்துக்கு இறங்கின. இவ்வளவையும் என் வீட்டு மாடிச் சன்னலிலிருந்து எண்ணினேன். ஸ்டீம் கேஜைப் பார்த்து எண்ணைச் சொல்லியே சம்பளம் வாங்கியவன் நான்; ரிட்டையர் ஆன பிறகும் கண் அந்த வேலையை விடவில்லை.

மைசூரில் நான் பாய்லர் அட்டெண்டெண்டாக வேலை பார்த்த மில் மூடிப் பல காலம் ஆகிறது. முன்பக்கத்து நிலத்தை விற்று, அதில் அடுக்குமாடிக் குடியிருப்பு வந்துவிட்டது. அதற்கு ஓர் ஆங்கிலப் பெயர். ஏதோ ஏரி, ஏதோ தோட்டம் என்று பொருள் வரும். ஏரியும் இல்லை, தோட்டமும் இல்லை. பின்பக்கத்தில் பாய்லர் ஹவுஸ் மட்டும் மிஞ்சியிருந்தது. அதன் காம்பவுண்டுச் சுவரை ஒட்டிய தெருவில் என் வீடு. வேலைக்குப் பக்கம் என்று ஆசைப்பட்டு வாங்கினேன். அந்தப் புத்திசாலித்தனத்தின் பலனாக, இந்த வயதில் இடிக்கிற தூசி முதலில் என் மாடிக்கு வருகிறது.

பாய்லர் என்பது படுத்திருக்கும் ஒரு பெரிய இரும்பு உருளை. உள்ளே நெருப்பு, சுற்றிலும் தண்ணீர், மேலே நீராவி. நீராவி குழாய் வழியாகச் சாயப் பட்டறைக்குப் போகும். போகிற வழியில் சூடு வீணாகக் கூடாது என்று பாய்லருக்கும் குழாய்களுக்கும் கனமாக, வெள்ளையாக ஒரு போர்வை போர்த்தியிருப்பார்கள். லேகிங் என்போம். அது ஆஸ்பெஸ்டாஸ். தமிழில் கல்நார் என்று நல்ல சொல் இருக்கிறது. எங்கள் ஆட்களில் அந்தச் சொல்லை அறிந்தவன் நான் ஒருவன்தான். அதனால் எனக்கு எந்தப் பயனும் ஏற்பட்டதில்லை.

ஆண்டுக்கு ஒரு முறை, பாய்லரைச் சோதிக்க இன்ஸ்பெக்டர் வருவதற்கு முன், அந்தப் போர்வையைப் பிரிக்க வேண்டும். சுத்தியலால் தட்டினால் பாளம் பாளமாக விழும். விழுந்ததைக் காய்ந்த துடைப்பத்தால் பெருக்குவோம். வெயில் விழும் இடத்தில் அந்தத் தூசி மின்னிக்கொண்டு நிற்கும், கீழே இறங்காது. மற்ற நாட்களில் எங்கள் எஞ்சினியர் உள்ளே வந்து என் ஸ்டூலில் உட்கார்ந்து காபி குடிப்பார். லேகிங் பிரிக்கும்போது மட்டும் வாசற்படியைத் தாண்ட மாட்டார். மடித்த கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு வெளியே நின்று விரலால் காட்டுவார். அவருக்குத் தெரியும். தெரிந்த அளவுக்குக் கைக்குட்டை வைத்திருந்தார். எங்களுக்கு ஆளுக்கு ஓர் உருண்டை வெல்லம் வரும். தொண்டையில் சேர்ந்த தூசியை வெல்லம் கீழே இழுத்துக்கொண்டு போய்விடும் என்பது நிர்வாகத்தின் வைத்தியம். மூச்சுக்கும் சாப்பாட்டுக்கும் வழி வேறு வேறு என்று எட்டாம் வகுப்புப் புத்தகத்தில் படம் போட்டிருக்கிறது. மேல்படிப்பு படித்தவர்களுக்கு எட்டாம் வகுப்பு மறந்துபோகும் போலிருக்கிறது.

போர்வை போலவே கயிறும் உண்டு. பாய்லரின் மூடிகளிலும் உலைக் கதவிலும் ஆவியும் அனலும் கசியாமல் இருக்கச் சுற்றி வைத்து அழுத்துகிற வெள்ளைக் கயிறு, பெருவிரல் தடிமன். தொட்டால் பூனைக்குட்டியின் வயிறு போலிருக்கும். எரியாது, கையை அறுக்காது. எங்கள் பாய்லர் ஹவுஸில் ஒரு வழக்கம் இருந்தது. யார் வீட்டிலாவது குழந்தை பிறந்தால், ஸ்டோரிலிருந்து வந்த புதுச் சுருளில் தூளி கட்டுகிற அளவுக்கு வெட்டி, நுனியில் குங்குமம் வைத்து அப்பனிடம் கொடுப்போம். மற்ற டிபார்ட்மெண்ட்காரர்கள் பொறாமைப்படுவார்கள். அவர்களுக்கு அப்படி எதுவும் கிடையாது. என் மகன் பிறந்தபோதும் வந்தது. அவன் அந்தத் தூளியில் நன்றாகத் தூங்கினான்.

மூன்று ஷிஃப்டும் சேர்த்து நாங்கள் பதினொரு பேர். ஏழு பேர் போய்விட்டார்கள். ஏழு பேருக்கும் கடைசியில் மூச்சுதான். டி.பி. என்றார்கள், ஆஸ்துமா என்றார்கள், பீடி என்றார்கள். ஏழில் மூவர் பீடியைக் கையால் தொட்டதில்லை. மூவரையும் பார்த்த டாக்டர் ஒருவரே. மூவரிடமும் பீடியை விடச் சொன்னார். அவர்களில் ஒருவர், விடுவதற்காகவாவது பிடித்துப் பழகுகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தார். நீங்கள் என்ன வேலை செய்தீர்கள் என்று அந்த டாக்டர் ஒருவரிடமும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் எதையாவது படிக்க வேண்டி வந்திருக்கும்.

இடிப்பு தொடங்கிய மறுநாள் காலை, பாய்லர் ஹவுஸ் சுவரோரத்துத் தூங்குமூஞ்சி மரத்தில் ஒரு தூளி தொங்குவதைப் பார்த்தேன். சிவப்புச் சேலைத் தூளி. வேலைக்கு வந்த பெண்களில் ஒருத்தியின் குழந்தை. வெயில் சாய்வாக விழுந்தபோது, சேலையைக் கிளையோடு கட்டியிருந்த கயிறு தெரிந்தது. வெள்ளைக் கயிறு, பெருவிரல் தடிமன், நுனி பிரிந்து பஞ்சாகத் தொங்கியது. தூளி ஆடும்போதெல்லாம் கயிறு கிளையில் உரசி, அதிலிருந்து புகை போல ஏதோ உதிர்ந்து சேலைக்குள் இறங்கியது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். உதிர்ந்ததைக் கண் கண்டதா, பயம் கண்டதா என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் கயிறு எங்கள் கயிறு. இடிபாட்டில் கிடந்தவற்றில் மெத்தென்று இருந்ததைப் பொறுக்கிக் கட்டியிருக்கிறாள். நாங்கள் குங்குமம் வைத்துக் கொடுத்த பரிசை அவள் யாரும் கொடுக்காமலே கண்டுபிடித்துவிட்டாள்.

கீழே இறங்கி, சுவரில் விழுந்திருந்த ஓட்டை வழியாக உள்ளே போனேன். மேஸ்திரி நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து செல்போனில் யாரோ ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். தர்மபுரிப் பக்கத்து ஆள்.

"அந்தத் தூளிக் கயித்த அவுக்கச் சொல்லுப்பா. அது ஆஸ்பெஸ்டாஸ்" என்றேன்.

"ஆஸ்பெட்டாஸு கூரைல இல்ல சார் போடுவாங்க. அது ஷீட்டு. இது கயிறு."

"ஷீட்டுலயும் இருக்கும், கயித்துலயும் இருக்கும். ஒரே மாவுல இட்லியும் வருது, தோசையும் வருதுல்ல?"

"ரெண்டையும் சாப்பிட்டுட்டுத்தான சார் இருக்கோம். இதுல பயப்பட என்னா இருக்கு?"

உவமை சொன்னது என் தப்பு. முட்டாள்களிடம் உவமை சொல்லக் கூடாது. அவர்கள் அதையே எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

"என் வூட்டு மேலயே ஆஸ்பெட்டாஸ் ஷீட்டுதான்" என்று மேஸ்திரி தொடர்ந்தார். "அதுக்குக் கீழதான் படுக்கறேன். ஒரு சொட்டு ஒழுகினதில்ல."

"சரி, தண்ணி ஊத்தி நனைச்சுட்டாவது இடிங்க. காஞ்சத இடிக்காதீங்க."

"தண்ணிக்கு டெண்டர்ல போடலயே சார்" என்று சொல்லிவிட்டு மறுபடி செல்போனைப் பார்த்தார். அதில் ஆடிக்கொண்டிருந்தவளுக்கு என்னைவிட நல்ல விஷயம் சொல்லத் தெரிந்திருந்தது.

அடுத்தது சேஃப்டி ஆபீசர். இடிக்கிற கம்பெனியிலிருந்து வருகிற இளைஞர். மஞ்சள் சட்டை, மஞ்சள் தொப்பி, சட்டைப்பையில் மூன்று பேனா. அந்த முகமூடிகளைப் படம் எடுத்தவர் அவர்தான். கன்னடத்தில் பேசினேன், அவர் பாதிக்கு மேல் ஆங்கிலத்தில் பதில் சொன்னார். இது ஆஸ்பெஸ்டாஸே இல்லை, கண்ணாடிப் பஞ்சு என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். டிராயிங்கில் இன்சுலேஷன் என்றுதான் எழுதியிருக்கிறதாம். முப்பத்து மூன்று வருடம் இதைத் தண்ணீரில் குழைத்து இந்தக் கையால் பூசியவன் நான் என்று கையை நீட்டிக் காட்டினேன். அவர் என் கையைப் பார்த்தார். பிறகு மரியாதையாக, "ஏனூ ஆகல்ல, அங்கிள்" என்றார். ஒன்றும் ஆகாது என்பதைக் கன்னடத்தில் இப்படிச் சொல்லும்போது தாலாட்டு மாதிரி இருக்கும். நாற்பது லட்சம் பேரைத் தூங்க வைக்கலாம்.

ஒன்றைக் கவனித்தேன். பேசி முடிக்கும்வரை அவரும் பாய்லர் ஹவுஸ் வாசற்படியைத் தாண்டவில்லை. எங்கள் எஞ்சினியர் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் நின்ற இடம் காலியாக இல்லை.

நான் சொல்லிக் கிடைக்காத தண்ணீர் வேறு வழியில் வந்தது. தூசி எழும்பி, அடுக்குமாடிக் குடியிருப்பில் நின்ற கார்களின் மேல் படிந்தது. முப்பத்திரண்டு கார்கள், அவற்றில் வெள்ளை இருபத்தொன்று. வெள்ளைக் காரில் வெள்ளைத் தூசி எப்படித் தெரிந்தது என்பது எனக்குப் புரியவில்லை. ஆனால் மற்ற பதினொன்றின் சொந்தக்காரர்கள் கத்தியதில் விஷயம் வெளிவந்தது. குடியிருப்புச் சங்கத்தின் தலைவர் அரைக்கால் சட்டையோடு இறங்கி வந்து யாருக்கோ போன் செய்தார். அன்று மத்தியானமே டேங்கர் லாரி வந்து பாய்லர் ஹவுஸைக் குளிப்பாட்டியது. டெண்டரில் இல்லாத தண்ணீர் சுவரில் வழிந்தோடுவதை மேஸ்திரி கைகட்டிக்கொண்டு பார்த்தார். பத்தொன்பது ஜோடி நுரையீரலுக்குக் கிடைக்காதது, பெயிண்டுக்குக் கிடைத்தது. எப்படியோ தூசி அடங்கியது. எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அந்தச் சந்தோஷமும் அரைக்கால் சட்டைக்காரர் தயவில் வந்தது என்பதுதான் சகிக்கவில்லை.

மரத்தின் பக்கம் மட்டும் தண்ணீர் அடிக்கவில்லை. குழந்தை நனைந்துவிடும் என்று டேங்கர்காரர் குழாயைத் திருப்பிக்கொண்டார். நல்ல மனுஷன். கயிறு காய்ந்தே தொங்கியது.

ஆகவே அந்தப் பெண்ணிடமே போனேன். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதிருக்கும். தூளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தூக்குப் போசியிலிருந்து புளிச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஒரு காலால் தூளியை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"எந்த ஊரும்மா?"

"மார்டள்ளிங்க. ஹனூருக்கு அந்தப் பக்கமுங்க. சோறு சாப்பிடறீங்களாங்கய்யா?"

"வேண்டாம். இந்தக் கயிறு ஆகாதும்மா. இதுலேர்ந்து கண்ணுக்குத் தெரியாத நார் உதிரும். மூச்சோட உள்ள போனா வெளிய வராது."

"உள்ள போயி என்னுங்க பண்ணும்?"

"நுரையீரல் கல்லு மாதிரி ஆயிடும்."

"எப்பங்க ஆவும்?"

நான் பொய் சொல்லியிருக்கலாம். நாளைக்கே என்று சொல்லியிருந்தால் அப்போதே அவிழ்த்திருப்பாள். "முப்பது வருஷம், நாப்பது வருஷம் கழிச்சு" என்றேன்.

அவள் வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தாள். "நாப்பது வருசமுங்களா? எனக்கு நாளான்னிக்கு எங்க வேலைன்னே தெரியாதுங்க."

"சிரிக்கிற விஷயம் இல்லம்மா. நான் இதே பாய்லர்ல வேலை பாத்தவன். இந்தக் கயித்தோடயே கெடந்தவன்."

"எத்தன வருசமுங்க?"

"முப்பத்து மூணு."

"இப்ப உங்களுக்கு வயசு?"

"எழுபத்தொம்பது."

அவள் என்னை மேலிருந்து கீழ்வரை ஒரு முறை பார்த்தாள். "எங்கப்பன் அம்பதுல போயிட்டாருங்க. இந்தக் கயித்தக் கண்ணால பாத்ததில்ல, மண்ணுதான் வெட்டுனாரு." தூளிக்குள் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "எம்புள்ளைக்கு எழுபத்தொம்பது போதுமுங்கய்யா."

பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த இன்னொரு பெண் தொண்டையில் சோறு சிக்கி இருமும்வரை சிரித்தாள். செத்துப்போன ஏழு பேரை அந்த மரத்தடிக்குக் கூட்டிவர முடியாது. கூட்டிவர முடிந்தவன் நான். நான் நிமிர்ந்து நின்றுகொண்டிருக்கிறேன். நான் செத்திருந்தால் என் பேச்சை அவள் நம்பியிருப்பாள்.

அவள் மனம் இளகியோ என்னவோ காரணமும் சொன்னாள். நைலான் கயிறு கிறீச் கிறீச் என்று சத்தம் போடுகிறது, தேங்காய்நார்க் கயிறு சேலையைக் கிழிக்கிறது, இது ஒன்றுதான் சத்தமில்லாமல் ஆடுகிறது. "இதுல போட்டா முழிக்கறதே இல்லீங்க."

மறுநாள் ஆட்டோ பிடித்துத் தேவராஜ மொஹல்லாவுக்குப் போனேன். மார்க்கெட்டுக்குப் பின்னால் கயிற்றுக் கடைகள் ஐந்து இருந்தன; அவற்றில் இரண்டில் இப்போது பிளாஸ்டிக் டப்பா விற்கிறார்கள். மூன்றாவதில் நூல் கயிறு கிடைத்தது. மூன்று புரி, இறுக்கமான முறுக்கு. எதற்கு என்று கடைக்காரர் கேட்டார். குழந்தைத் தூளிக்கு என்றேன். அதெல்லாம் இப்போது ஆன்லைனில் ஸ்டாண்டோடு வருகிறதே, பாட்டரி போட்டால் தானே ஆடுமே என்றார். கயிறு விற்கிறவன் கயிறு வாங்காதே என்று உபதேசிக்கும் காலம்.

அவள் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். இழுத்துப் பார்த்தாள், முகர்ந்து பார்த்தாள். "நல்ல கயிறுங்கய்யா" என்றாள். நான் நிம்மதியாக வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு மாடி ஏறினேன். சன்னலிலிருந்து பார்த்தால், நான்கு ஆட்கள் என் நூல் கயிற்றை ஒரு ஸ்டீம் குழாயில் கட்டி, ஏலேலோ போட்டு இழுத்துக்கொண்டிருந்தார்கள். தூளி அதே வெள்ளைக் கயிற்றில் ஆடிக்கொண்டிருந்தது. மறுபடி இறங்கிப் போய்க் கேட்டேன்.

"கெட்டியா இருக்கறது வேலைக்குங்க" என்று எனக்குப் புரிகிற மாதிரி விளக்கினாள். "மெத்துனு இருக்கறது புள்ளைக்குங்க."

அந்த நியாயத்தில் ஒரே ஒரு விஷயத்தைத் தவிர எல்லாம் சரியாக இருந்தது.

அன்று சாயங்காலம் ஃபயர்மேனுக்குப் போன் செய்தேன். பதினொரு பேரில் பாக்கி இருக்கும் நால்வரில் ஒருவர் ஓசூரில் மகளோடு இருக்கிறார். ஒருவருக்கு யாரையும் அடையாளம் தெரிவதில்லை. மீதி நானும் இந்த ஃபயர்மேனும். உலையில் நிலக்கரி தள்ளியவர். என்னைவிட நான்கு வயது சிறியவர். மூக்கில் குழாயோடு, கட்டிலுக்குப் பக்கத்தில் உறுமும் ஆக்சிஜன் மெஷினோடு இருக்கிறார். விரல் நுனிகள் உருண்டு, பறையடிக்கும் குச்சியின் தலை போலாகிவிட்டன. அவருக்கும் இரண்டு முறை டி.பி. மாத்திரை முழுக் கோர்ஸ் கொடுத்தார்கள். இல்லாத நோய் இரண்டு முறையும் குணமானது.

"இன்னாணா, என்னிக்கும் இல்லாம?"

"நம்ம பாய்லர இடிக்கிறாங்க."

"சந்தோஷம்ணா." மூச்சு வாங்கினார். "எனக்கு முன்னாடி… அது போவுது."

கயிற்றைப் பற்றிச் சொன்னேன். உள்ளே குழந்தை இருக்கிறதா என்று கேட்டார். பிறகு, "ஆட்டோ கூட்டினு வா" என்றார். "நான் வந்து கேக்கறேன்."

"உன்னால ஆவாதுய்யா. படியே எறங்க முடியாது."

"உன்னால ஆவலயே. அதான்… பாக்கறேனே."

வெளியே போவதற்கென்று சின்ன சிலிண்டர் ஒன்று வைத்திருக்கிறார். மறுநாள் அதை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு ஆட்டோவில் வந்தார். மேடு பள்ளம் வரும்போதெல்லாம் டிரைவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டினார். வண்டியில் ஏதாவது ஆகிவிடுமோ என்கிற கவலை. நான் என் காலடியில் மூடி போட்ட பிளாஸ்டிக் வாளி ஒன்றை வைத்திருந்தேன், அதில் பாதித் தண்ணீர். கயிற்றை நனைத்து எடுத்துக்கொண்டு வந்துவிட வேண்டும் என்று எனக்குத் திட்டம் இருந்தது. அவள் கொடுத்தால்.

ஆட்டோ மரத்தடிவரை போனது. ஃபயர்மேன் இறங்கவில்லை. பாய்லரைப் பார்த்தார். போர்வையெல்லாம் உரிந்து, துருப்பிடித்த வயிற்றோடு அது வெயிலில் கிடந்தது. "அய்ய" என்றார், அவ்வளவுதான். மேஸ்திரி நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். எனக்கு அந்த மரியாதை ஒரு நாளும் கிடைத்ததில்லை; அதற்கு மூக்கில் குழாய் வேண்டும் போலிருக்கிறது.

அந்தப் பெண் கூப்பிடாமலே ஒரு பாட்டில் தண்ணீரோடு வந்தாள். ஃபயர்மேன் ஒரு வாய் குடித்துவிட்டுத் தூளியைக் காட்டினார்.

"தாயி. அது என் கயிறு."

"என்னுங்க?"

"அந்த வெள்ளக் கயிறு. இந்த பாய்லருக்கு நான் கட்டினது." நிறுத்தி, இரண்டு மூச்சு வாங்கினார். "வேலைய வுட்டுப் போறப்ப… மறந்துட்டேன். குடுத்துடு."

அப்பட்டமான பொய். மில்லின் கயிறு மில்லுடையது. ஃபயர்மேன் எதையும் மறந்துவிட்டுப் போகவும் இல்லை. அவள் அவருடைய மூக்குக் குழாயைப் பார்த்தாள், விரல்களைப் பார்த்தாள், பிறகு என் பக்கம் திரும்பினாள். "நெசமாங்கய்யா?"

"ஆமாம்மா" என்றேன்.

அவள் வேறெதுவும் கேட்கவில்லை. போய்க் குழந்தையைத் தூக்கி இன்னொரு பெண்ணிடம் கொடுத்தாள். கிளையிலிருந்து கயிற்றை அவிழ்த்தாள். ஒழுங்காகச் சுருட்டி, தூசி போகட்டும் என்று தன் தொடையில் இரண்டு தட்டுத் தட்டி எடுத்துக்கொண்டு வந்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"மொதல்லயே ஒரு பெரியவருதுன்னு சொல்லியிருந்தா அன்னிக்கே குடுத்திருப்பமுங்க" என்று என்னைப் பார்த்துக் குறைப்பட்டாள். "இந்தய்யா நாருங்கறாரு, கல்லுங்கறாரு. அடுத்தவிய பொருள நாங்க எதுக்குங்க வெச்சுக்கறோம்?"

ஃபயர்மேன் கயிற்றை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். நான் வாளியின் மூடியைத் திறந்தேன்.

"இதுல போடுய்யா."

"இருணா." உருண்ட விரல்களால் தடவிக்கொண்டிருந்தார்.

"மூச்சுல போவுதுய்யா. போடு."

"இனிமே உள்ள போறதுக்கு… எடம் எங்க கீது?"

ஆட்டோ டிரைவர் சிரித்துவிட்டு, சிரிக்கலாமா என்று தெரியாமல் நிறுத்திக்கொண்டார். ஃபயர்மேன் தானே குனிந்து கயிற்றைத் தண்ணீருக்குள் விட்டார். பெண் வாளியை எட்டிப் பார்த்தாள்.

"தண்ணிக்குள்ள எதுக்குங்க போடறீங்க?"

"அதுக்கு வெயில் ஆவாது தாயி" என்றார் ஃபயர்மேன். "என்னாட்டமே."

ஃபயர்மேனைத் திரும்பக் கொண்டுபோய் விட்டேன். அவர் வீட்டு வாசலில் இறங்கும்போது, "படிச்சு என்னாணா பிரயோஜனம்" என்றார். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து மாடியிலிருந்து பார்த்தபோது மரத்தடியில் சச்சரவு. குழாயில் கட்டியிருந்த என் நூல் கயிற்றை அவள் அவிழ்த்துக்கொண்டிருந்தாள். மேஸ்திரி கத்தினார். "அது எம்புள்ளைக்கு அந்தய்யா வாங்கியாந்ததுங்க, உங்க குழாய்க்கா வாங்கியாந்தாரு?" என்று இங்கே கேட்கும்படி பதில் சொன்னாள். தூளி நூல் கயிற்றில் ஏறியது. குழந்தை அன்று பொழுது சாயும்வரை அழுதது. கயிறு சத்தம் போட்டதோ என்னவோ.

நான் அறிவியல் சொன்னேன், என் அனுபவம் சொன்னேன், கையை நீட்டிக் காட்டினேன். ஒன்றும் எடுபடவில்லை. சாகப்போகிற ஒரு மனிதரின் பொருளாசைக்கு அவள் இரக்கப்பட்டாள், வேலை முடிந்தது. இந்த நாட்டில் நுரையீரலைக் காப்பாற்ற நுரையீரலைப் பற்றிப் பேசுவதைத் தவிர மற்ற எல்லா வழியும் இருக்கிறது.

இரும்பெல்லாம் லாரியில் ஏறியபோது போய் நின்றேன். பத்தொன்பது பேர், குழந்தையோடு இருபது. லாரியில் இரும்பு சுடுகிறதென்று பெண்கள் லேகிங்குக்கு மேல் சுற்றியிருந்த பழைய கல்நார்த் துணியை நான்கு மடிப்பாக மடித்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார்கள். மெத்தென்று இருந்திருக்கும். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் மடியிலிருந்த சேலை மூட்டையைத் தூக்கிக் காட்டினாள். அதில் நூல் கயிறு சுற்றியிருந்தது. என்னைச் சமாதானப்படுத்தவேண்டிய ஆள் என்று நினைத்துவிட்டாள். அடுத்த வேலை எங்கே என்று மேஸ்திரியைக் கேட்டேன்.

"நஞ்சன்கூடு ரோட்ல சார். அங்கயும் பாய்லர்தான்." பெருமையாகக் கையை அகட்டிக் காட்டினார். "இதவிட டபுள்."

இப்போது அந்த வாளி என் வீட்டு மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. சுத்தத்துக்குப் பெயர் வாங்கிய ஊர் இது. காலையில் குப்பை வண்டி வந்தபோது கொண்டுபோய்க் காட்டினேன். ஹசி கசவா, ஒண கசவா, ஈரக் குப்பையா காய்ந்த குப்பையா என்று வண்டிக்காரப் பெண் கேட்டாள். விளக்கினேன். இரண்டிலும் சேராது என்று சொல்லிவிட்டாள். நான் இதுவரை பேசிய அதிகாரிகளில் உண்மை சொன்னவள் அவள் ஒருத்திதான். மாநகராட்சி ஆபீசில் இது ஆபத்தான கழிவு, வேறு டிபார்ட்மெண்ட் என்றார்கள். அந்த வேறு டிபார்ட்மெண்டில், தொழிற்சாலைகளிடமிருந்துதான் வாங்குவோம், நீங்கள் தொழிற்சாலையா என்று கேட்டார்கள். யோசித்துப் பார்த்து, இல்லை என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பெங்களூரிலிருந்து மகன் போன் செய்தான். வாளியைப் பற்றிச் சொன்னேன்.

"இதுக்கு ஏம்பா இவ்ளோ டென்ஷன்? ஸ்ரீரங்கப்பட்டணம் போயி காவேரில விட்டுடுங்க. எல்லாரும் எல்லாத்தையும் அங்கதான விடறாங்க."

"அது கரையாதுடா."

"என்ன கயிறுப்பா அது?"

"பாய்லர் ஹவுஸ் கயிறு."

"சரி, வையுங்க, அடுத்த தடவ வரப்ப பாக்கறேன்" என்று சொல்லும்போது இருமினான். கொஞ்சம் பொறுத்து மறுபடியும்.

"இருமல் எப்பலேர்ந்துடா?"

"ஏசிப்பா. ஆபீஸ்ல எல்லாருக்கும் இருக்கு."

"எல்லாருக்கும்னா எத்தன பேருக்கு?"

"எண்ணலப்பா" என்றான்.

போனை வைத்துவிட்டுக் கீழே இறங்கினேன். வாளியின் மூடியைத் திறந்து பார்த்தேன். கயிற்றுக்கு மேல் இரண்டு விரல் தண்ணீர் நின்றது. வெயில் காலம், குறைந்துவிடும். ஒரு சொம்பு ஊற்றி மூடினேன்.